பசித்தவன் வேண்டாமென்றால்

போன ஆவணியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு கிழவி வந்து நின்று, "ஏதாவது இருந்தா போடுங்கம்மா" என்றாள். என் தாயார் உள்ளே போய், முதல் நாள் மிஞ்சிய சாம்பார் சாதத்தை ஓர் இலைக் கிழிசலில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கிழவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, இலையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை மெதுவாகத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஊசிப்போச்சும்மா, வேணாம்" என்று சொல்லித் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

அம்மாவுக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. காய்கறிக்காரனிடம் சொன்னாள், எதிர் வீட்டில் சொன்னாள், தொலைபேசியில் என் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். "பசிக்கிறவ மோந்து பாப்பாளாடா? மோந்து பாத்தான்னா பசி இல்லைன்னுதானே அர்த்தம்?" என்று கடைசியில் என்னிடம் நியாயம் கேட்டாள். "கொடுக்கறதுக்கு முன்னாடி நீ மோந்து பாத்தியாம்மா?" என்றேன். அன்று மத்தியானம் எனக்கு ரசம் இரண்டாம் தடவை வரவில்லை.

கேலி செய்தேனே தவிர, அம்மாவின் கேள்வியை என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. பசித்தவனுக்கு வேண்டாமென்று சொல்லும் உரிமை உண்டா? இதே கேள்வியை 2002-ஆம் வருஷத்தில் உலகத்துப் பெரிய மனிதர்கள் சபை கூடிக் கேட்டார்கள். அம்மா கிழவியைக் கேட்டாள். அவர்கள் ஒரு தேசத்தைக் கேட்டார்கள். அந்தத் தேசத்தின் பெயர் ஜாம்பியா.

ஆப்பிரிக்காவின் தென் பாதியில், எந்தப் பக்கமும் கடல் இல்லாமல் கிடக்கும் பூமி அது. 1964-இல் சுதந்திரம் பெறும்வரை அதற்கு வடக்கு ரொடீஷியா என்று பெயர். மண்ணுக்கடியில் தாமிரம், மண்ணுக்கு மேலே மக்காச்சோளம். நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவர்களுக்கு ந்ஷிமா. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி, மரத்துடுப்பால் தோள் வலிக்கக் கிண்டி இறக்கும் களிதான் அது. வலது கையால் ஒரு பிடி எடுத்து, உருட்டி, கீரையிலோ நிலக்கடலைச் சாற்றிலோ, ஏரிகளில் பிடித்து உலர்த்திய சின்ன மீனிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். வேறு எதைத் தின்றாலும் ந்ஷிமா தின்னாத நாள் சாப்பிடாத நாள். நம் வீடுகளில் நாலு இட்லி விழுங்கிவிட்டு "இன்னும் சாப்பிடலை" என்கிறோமே, அந்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் மக்காச்சோளமே அங்கே விருந்தாளி. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அந்தத் தானியம், போர்ச்சுகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. அதற்கு முன் அங்கே விளைந்தவை நாம் அறிந்த சோளமும் கேழ்வரகும்தான். வெள்ளைக்காரர்கள் தாமிரச் சுரங்கம் வெட்டி, கூலியாட்களுக்கு மூட்டை மூட்டையாக மக்காச்சோள மாவு அளக்கத் தொடங்கியபோது விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான். வறட்சியைச் சோளம் தாங்கும், மக்காச்சோளம் தாங்காது. பூ விடுகிற சமயத்தில் இரண்டு வாரம் மழை தவறினால் கதிரில் மணி பிடிக்காது.

2001-02 பருவத்தில் அப்படித்தான் நடந்தது. ஜாம்பியாவின் மகசூல் ஆறு லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. அக்கம்பக்கத்து மலாவி, ஜிம்பாப்வே, மொசாம்பிக், லெசோதோ, ஸ்வாசிலாந்து என்று மொத்தம் ஆறு தேசங்களில் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பேருக்கு ஆகாரம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் கணக்குச் சொன்னது. ஜாம்பியாவில் மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அப்போது அந்தத் தேசத்தின் ஜனத்தொகையே ஒரு கோடிதான்.

பசியோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் உடம்பில் எய்ட்ஸ் கிருமி இருந்தது. உழ வேண்டியவன் பாயில் கிடக்கிறான். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறாள். இருவரும் போன பிறகு பேரக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி காட்டில் கிழங்கு தோண்டுகிறாள். இது நான் கதைக்காகக் கட்டியது என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். அந்த வருஷங்களில் அந்தப் பிரதேசத்துக் கிராமம் ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட வீடு இருந்தது.

அமெரிக்கக் கப்பல்கள் மக்காச்சோளம் கொண்டுவந்தன. மூட்டைகள் துறைமுகத்திலிருந்து லாரியேறி ஜாம்பியாவின் கிராமக் கிடங்குகளுக்குள்ளும் போய் அடைந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் சங்கதி வெளியாயிற்று. அந்த வருஷம் அமெரிக்காவில் விதைத்த மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு, விஞ்ஞானிகள் மரபணுவை மாற்றிச் செய்த ரகம். மண்ணிலிருக்கும் ஒரு நுண்ணுயிரின் குணத்தை எடுத்துப் பயிருக்குள் வைத்துவிட்டால் தண்டு துளைக்கிற புழு அதைத் தின்று செத்துப்போகும். அமெரிக்கக் களஞ்சியங்களில் இந்த ரகத்தையும் மற்றதையும் பிரித்து வைப்பதில்லை. எல்லாம் ஒரே குவியல்.

ஆகஸ்டு மாதம் ஜனாதிபதி லெவி ம்வானவாசா வேண்டாமென்றார். என் ஜனங்கள் பசித்திருக்கிறார்கள் என்பதற்காக அவர்களுக்கு விஷத்தைக் கொடுக்க முடியாது என்ற கருத்தில் அவர் பேசியது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கிடங்குகளைப் பூட்டச் சொன்னார்.

உலகம் எப்படிக் கொதித்தது என்கிறீர்கள்! அம்மா எதிர் வீட்டில் சொன்ன அதே ராகம். செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த பெரிய மாநாட்டில் அமெரிக்க வெளியுறவு மந்திரி காலின் பவல் இந்த மறுப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்; கூட்டத்தில் ஒரு பகுதியினர் அவரைப் பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். இந்தத் தானியத்தைத் தின்பதால் கெடுதல் உண்டென்று சான்று ஏதும் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு ஸ்தாபனங்களும் அறிக்கை விட்டன. ம்வானவாசா தம் விஞ்ஞானிகள் சிலரை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அனுப்பி விசாரித்துவரச் செய்தார். அவர்கள் திரும்பி வந்து, சந்தேகம் தீரும்வரை எச்சரிக்கையாக இருப்பதே மேல் என்றார்கள். அக்டோபரில் "வேண்டாம்" என்பது முடிவாயிற்று. மற்ற தேசங்கள், மாவாக அரைத்துக் கொடுத்தால் சரி என்கிற மாதிரி ஏதோ ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கிவந்தன. ஜாம்பியா மாவும் வேண்டாமென்றது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. எனக்கு அதன் பேரில் வெகு நாளாகச் சந்தேகம். அதை மாட்டைக் கொடுத்தவன்தான் கட்டியிருக்க வேண்டும். கிழட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப்போகிறவன் வாங்கியவன் அல்லவா? பசி வந்தால் பறந்துபோகும் என்று நம் பெரியவர்கள் பத்து விஷயங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்களே, அதில் மானம்தான் முதலில் நிற்கிறது. அது பறந்துபோகும் என்பது உலக இயல்பைச் சொன்ன பேச்சு. பறந்துதான் போக வேண்டும், போகாவிட்டால் அவன் பசி பொய் என்று நாம் அதைச் சட்டமாக்கிவிட்டோம்.

கொடுத்தவர்கள் பக்கம் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவின் உணவு தானம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பணமாகப் போகவில்லை. அந்த நாட்டு விவசாயி விளைத்த தானியத்தையே சர்க்கார் வாங்க வேண்டியிருந்தது. அதில் பெரும் பங்கை அந்த நாட்டுக் கொடி பறக்கிற கப்பலிலேயே ஏற்ற வேண்டும் என்று சட்டம் இருந்தது. பணமாகக் கொடுத்திருந்தால் பக்கத்திலேயே, தென்னாப்பிரிக்காவிலோ வேறெங்கோ, அந்த ஜனங்கள் கேட்கிற தானியத்தை வாங்கிப் போட்டிருக்கலாம். கனடா தேசம் 2008-இல் இந்த நிபந்தனைகளை முழுக்க எடுத்துவிட்டுப் பணமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஆக 2002-இல் ஜாம்பியாவின் வாசலில் வைக்கப்பட்ட இலையில், கொடுக்கிறவன் வீட்டில் மிஞ்சியதும் இருந்தது. மிஞ்சியதைக் கொடுப்பது பாவமில்லை. ஆனால் கொடுத்துவிட்டு, இதைத் தவிர உனக்கு வேறு கதி ஏது என்று முகத்தைப் பார்ப்பது இருக்கிறதே, அது வேறு சமாசாரம்.

அதன் ருசி நமக்கும் தெரியும். 1960-களின் நடுவில் இந்தியாவில் இரண்டு வருஷம் மழை பொய்த்தபோது நாம் அமெரிக்கக் கோதுமையைத் தின்று பிழைத்தோம். 1966-இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்த தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன். கப்பலில் வந்து இறங்கியது அப்படியே வாய்க்குப் போயிற்று. ஜனாதிபதி ஜான்சன் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, மாதா மாதம் இவ்வளவு என்று அளந்துவிட்டார். நம்முடைய விவசாயக் கொள்கையும் வியட்நாம் பற்றி நாம் பேசிய பேச்சும் அந்த அளவில் சேர்ந்திருந்தன. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடச் சிறுமிதான் என் அம்மா. கேர் ஸ்தாபனம் அனுப்பிய பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்ததையும், மஞ்சளாக ஒரு மாவில் உப்புமா கிண்டிப் போட்டதையும் இன்றைக்கும் சொல்லுவாள். டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்குமாம். அதில் என்ன கலந்திருக்கிறதென்று அன்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்கவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கூடம் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

இவ்வளவு சொன்ன பிறகு ஜாம்பியாவின் "வேண்டாம்" முழுக்கச் சரி என்று நான் கட்சி கட்டுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது.

விஷம் என்ற சொல் சரியில்லை. அதே மக்காச்சோளத்தை அமெரிக்கர்கள் தினம் தின்றுகொண்டிருந்தார்கள். ஜாம்பியாவின் உண்மையான பயம் வேறு இடத்தில் இருந்தது, அது நியாயமான பயமும்கூட. நிவாரணமாக வருவது முழுத் தானியம். எவ்வளவு பசித்தாலும் விவசாயி அதில் இரண்டு பிடி எடுத்து மடியில் முடிந்துகொள்வான், மழை வந்ததும் விதைப்பான். மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் பறந்து பக்கத்து வயலில் கலக்கும். ஒரு தடவை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. விதைக்குச் சொந்தக்காரன் ஒரு கம்பெனி. ஐரோப்பியச் சந்தையோ இந்த மாதிரிப் பயிரைக் கண்டால் முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம். ஜாம்பியா அங்கே காய்கறி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. லுசாகாவிலிருந்த ஜெசூட் பாதிரிமார்கூட இந்தக் கவலைகளை எடுத்துச் சொல்லி சர்க்காருக்கு யோசனை கூறினார்கள். "இந்த வருஷத்துப் பசிக்காக எங்கள் விதையை அடகு வைக்கமாட்டோம்" என்று ஜனாதிபதி சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன். ஆனால் விதையைப் பற்றிய பயத்தை ஜனங்களிடம் விளக்குவது கடினம். விஷம் என்றால் ஒரே வார்த்தை, உடனே புரியும். அரசியல்வாதி சுலபமான வார்த்தையை எடுத்துக்கொண்டார். விதைக்காகத்தான் பயம் என்றால், முளைக்க முடியாத மாவை ஏன் மறுத்தார் என்ற கேள்விக்கு அவரிடம் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு பதில் இருக்கவில்லை.

இன்னொன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாதது. என் வாசலில் வந்த கிழவி தன் வயிற்றுக்குத் தானே பதில் சொன்னாள். முகர்ந்தது அவள் மூக்கு, நடந்து போனதும் அவள் கால்தான். ஜாம்பியாவில் வேண்டாமென்று சொன்னவர் அன்று காலை சாப்பிட்டிருந்தார். சாப்பிடாதவர்கள் பூட்டிய கிடங்குக்கு வெளியே நின்றார்கள். ஒரு கிராமத்தில் ஜனங்கள் பொறுக்க முடியாமல், காவலை மீறிக் கிடங்கை உடைத்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மரபணு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்போடு விஞ்ஞானத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கும் அப்படியொன்றும் அதிகமாகத் தெரிந்துவிடவில்லை. அவர்கள் முகர்ந்து பார்த்தார்கள், வேண்டுமென்றார்கள். அவ்வளவுதான்.

ஒரு தகப்பன் குழந்தையின் கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்கி எறியலாம். அந்த உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் பிடுங்கிய கையிலேயே வேறொன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனைத் தகப்பன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறருடைய பசியின் பேரில் வேண்டாமென்று சொல்லுகிறவன் அந்த நிமிஷமே கடன்காரனாகிவிடுகிறான். இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் இதுவே. சொன்னது சரியா தப்பா என்பதை, அந்தக் கடனை அவன் எப்படித் தீர்த்தான் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ம்வானவாசா தீர்த்தாரா? பாதி தீர்த்தார் என்று சொல்லலாம். எல்லோரும் பயந்தபடி லட்சக்கணக்கில் சாவு நிகழவில்லை. உலக உணவுத் திட்டம் அலைந்து திரிந்து வேறு இடங்களிலிருந்து மரபணு மாற்றாத தானியம் கொண்டுவந்தது. சர்க்கார் சிறு விவசாயிகளுக்கு மானிய விலையில் உரமும் விதையும் கொடுக்கத் தொடங்கிற்று. மழையும் தயவு செய்தது. 2003-இல் மகசூல் ஏறக்குறைய இரட்டித்தது. 2010-இல் 28 லட்சம் டன் விளைந்து, ஜாம்பியா அண்டை நாடுகளுக்கு விற்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2008-இல் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் காலமானார்.

மற்றப் பாதி? 2007-இல் எடுத்த கணக்கில் ஜாம்பியாவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 45 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அவர்களில் 2002-இன் பஞ்சத்தை வயிற்றிலேயே அனுபவித்துப் பிறந்தவர்களும் உண்டு. இரண்டு வயதுக்குள் இழந்த வளர்த்தியைப் பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் முழுக்க மீட்க முடியாது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். சாவைப் போல அது கணக்கில் பளிச்சென்று விழுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாமலும், மண்வெட்டியை நாலு தடவை ஓங்கினால் மூச்சு வாங்கியும் பிற்பாடு வெளியாகும். கிடங்கு நிறைந்த பிறகும் அந்தக் கணக்கு மெதுவாகத்தான் இறங்கியது. 2018-இல்கூட 35. வெறும் களி வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது. வெள்ளை மக்காச்சோளத்தில் உயிர்ச்சத்து ஏ கிடையாது. உடம்பை வளர்க்கிற புரதமும் அதில் அரைகுறைதான். சர்க்கார் மானியமெல்லாம் அந்த ஒரே பயிருக்குப் போக, கடலையும் காராமணியும் கீரையும் ஓரத்தில் நின்றன.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம். மஞ்சள் மக்காச்சோளம் என்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆகாது. அது பஞ்சத்தில் வருகிற நிறம், தானத்தின் நிறம், மாட்டுத் தீவனத்தின் நிறம். 2012-இல் ஜாம்பியாவின் விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் ஆரஞ்சு நிறத்தில் புது ரகங்களை வெளியிட்டார்கள். மரபணுவில் கை வைக்காமல், பழைய முறையிலேயே ஒட்டுச் சேர்த்துச் சேர்த்து, உயிர்ச்சத்து ஏ ஊறியிருக்கும்படி செய்தவை. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் எவ்வளவு தூரம்? ஆனால் ஜனங்கள் கையில் வாங்கிப் பார்த்தார்கள், கிண்டித் தின்று பார்த்தார்கள், இது வேறு என்றார்கள், ஏற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்களைப் பசியில்லாதவர்கள் என்று திட்டவில்லை.

2024-இல் மறுபடியும் வானம் வறண்டது. பிப்ரவரி மாதக் கடைசியில் ஜனாதிபதி ஹிச்சிலேமா தேசிய பேரிடர் என்று அறிவித்தார். மக்காச்சோளம் போட்ட 22 லட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 10 லட்சம் கருகிப்போயிற்று. அடுத்த வருஷம் மழை பெய்து, 36 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. ஒரு வருஷம் கையேந்தவும் மறு வருஷம் கிடங்கு போதாமல் தவிக்கவும் செய்கிற வானம் அது. அந்த வானத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு, எதை வாங்கலாம், எதை மறுக்கலாம் என்று யோசிப்பது, மின்விசிறிக்கு அடியில் நான் எழுதுகிற மாதிரி இருக்காது.

இந்தக் கதையை ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அமெரிக்காவைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை, ஜனாதிபதியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

"பூட்டி வச்ச மூட்டையெல்லாம் என்னடா ஆச்சு?" என்றாள்.

"லாரியில ஏத்திப் பக்கத்து நாடுகளுக்கு அனுப்பிட்டாங்க."

"அங்கே சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை."

கொஞ்ச நேரம் காம்பும் இலையுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தக் கிழவி அதுக்கப்புறம் நம்ம தெருப் பக்கம் வரவே இல்லைடா" என்றாள்.